வயலெலியும் வளர்ப்பெலியும்

ஓமந்தைப் பகுதியிலே காலபோக வெள்ளாமையை வெட்டிச் சூடு வைத்திருக்கும் நாட்களில் எலியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று கேட்பது அரிது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாண வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் குளமும் வயலும் காடும் மாறி மாறி வருவதைக் காண்பர். குளத்து நீரை நம்பி விதைத்த நெல் குடலைப் பருவத்தை அடையும்போதே எலி தாளைக் கத்தரிக்கத் தொடங்கிவிடுகிறது. கதிர் முற்றியதும் அதை அறுத்து வளைக்குள் இழுக்கிறது. சூட்டுக்குள் புகுந்து குடும்பம் நடத்துகிறது. இறுதியில் நெல்லோடு வீட்டுக்கும் வந்து சாக்கைக் கடிக்கிறது. வரம்பைத் துளைத்து நீரை ஒழுகவிடுவதும் அதுவே. கமக்காரர் மாதக்கணக்காகக் காத்த பயிரில் தனக்கும் பங்குண்டென்று கேளாமலே எடுத்துக்கொள்ளும் பங்காளி அது.

இத்தகைய பிராணியை மனிதர் விலை கொடுத்து வாங்கி, பெயர் சூட்டி, மடியில் வைத்து வளர்க்கின்றனர் என்றால் வன்னிக் கமக்காரர் நகைப்பார். அவர் நகைப்பதில் பிழையில்லை. எனினும் வளர்ப்பெலிக்கு ஏறக்குறைய 250 ஆண்டு கால எழுத்து வரலாறு உண்டு. முதன்முதலாக எலி வளர்க்க விரும்பும் ஒருவர் எதனைத் தெரிந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது என்னும் வினாக்களுக்கு விடையும் அவ்வரலாற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதன் கிளையொன்று, வன்னி மண்ணின் பெருந்துயரங்களுள் ஒன்றாகிய கண்ணிவெடியையும் சென்று தொடுகிறது. ஆதலின் இது வேடிக்கைக் கதை மட்டும் அன்று.

தமிழர் எலியை நோக்கிய நோக்கு பழைமையானது. புறநானூற்றின் 190ஆம் பாடலிலே சோழன் நல்லுருத்திரன் எலியை எடுத்துக்காட்டிப் பேசுகிறான். விளைந்த கதிரைத் திருடி வளையிலே சேர்த்து வைக்கும் எலியைப் போன்ற உள்ளமுடையோரின் நட்பு தனக்கு வேண்டாம் என்பதும், புலியைப் போன்ற ஊக்கமுடையோரின் நட்பே வேண்டும் என்பதும் அவன் கருத்து. நட்பைப் பற்றிய பாட்டிலே எலி தள்ளத்தக்க நண்பனாக வந்து நிற்பது சுவையானது. அரசன் மனிதரைப் பற்றிப் பேசினானேயன்றி எலியைப் பழகிப் பார்த்துச் சொன்னானல்லன். மறுபுறத்தில், வன்னியின் குளக்கட்டுகளிலே மரநிழலில் வீற்றிருக்கும் பிள்ளையாரின் காலடியில் அதே எலி அடங்கி ஒடுங்கி அமர்ந்திருக்கிறது. வயலிலே பகைவனாகவும் கோயிலிலே வாகனமாகவும் ஒரே பிராணியைக் கொண்டாடும் நாட்டவர்க்கு, அது வளர்ப்புப் பிராணியும் ஆகலாம் என்பது அவ்வளவு வியப்பாக இருக்கவேண்டியதில்லை.

எலி என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோமாயினும் அது ஓரினம் அன்று. கூரையிலே ஓடும் வீட்டெலி வேறு, வரம்பைத் தோண்டும் அகழான் வேறு, பெருச்சாளி வேறு, சுண்டெலி வேறு. மூஞ்சூறு எலியினத்தையே சேர்ந்ததன்று. அது பூச்சியைத் தின்று வாழ்வது. இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியராகிய கெலார்ட் 1852இல் இந்நாட்டு விலங்குகளைப் பற்றி வெளியிட்ட நூலிலே எலிகளையும் வகைப்படுத்தினார். பின்னர், தோட்டத்துரையாக இருந்த பிலிப்ஸ் 1935இல் இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றிய கைநூலை வெளியிட்டு அவற்றின் வாழ்க்கை முறைகளை விரிவாக எழுதினார். இவர்கள் விவரித்த நம் நாட்டெலிகளுள் எதுவும் உலகத்தார் வளர்க்கும் எலியின் மூதாதை அன்று. வளர்ப்பெலி, பழுப்பெலி எனப்படும் இனத்தின் வழி வந்தது. அவ்வினத்தின் தாயகம் சீனத்தின் வடபகுதியும் மொங்கோலியாவும் எனக் கருதப்படுகிறது. அது ஐரோப்பாவிற் பரவியது 18ஆம் நூற்றாண்டிலேதான். பின்னர் கப்பல்களிலேறி உலகின் துறைமுகங்களையெல்லாம் அடைந்தது. நம் வீட்டெலியோ இந்தியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்டு, பண்டை வணிகக் கப்பல்களிலே மேற்கு நோக்கிச் சென்றது. கிழக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாகப் புறப்பட்ட இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேதான் எலி வளர்ப்போர் பலர் முதல் தவற்றைச் செய்கின்றனர்.

எலியை எவ்வாறு வளர்ப்பது என்று முதன்முதலிலே நூல் எழுதியவர் ஜப்பானியர். 1775ஆம் ஆண்டிலே ஒசாக்கா நகரில் ‘யோசோ தமனோ ககேஹாசி’ என்னும் சிறு நூல் அச்சாயிற்று. அந்நாட்டின் முதலாவது எலி வளர்ப்புக் கைநூல் அதுவே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1787இல், கியோத்தோவிலே ‘சிங்கன் சொடடேகுசா’ என்னும் மற்றொரு நூல் வெளிவந்தது. இது சுண்டெலிகளைப் பற்றியது என்பர். எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தால் எத்தகைய குட்டி பிறக்கும் என்பதை அது கூறியது. மார்பிலே பிறைவடிவ வெள்ளைக் குறியுடைய கரிய எலியும், மான்தோல் போன்ற புள்ளியுடைய எலியும் அக்காலத்தவர் விரும்பித் தேடியவை. மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரை விதிகளை ஆராய்ந்து வெளியிட்டது 1866இல். அதற்கு எண்பது ஆண்டு முன்னரே கியோத்தோவின் எலிப் பிரியர், விதி தெரியாமலே அவ்விதியின் பயனைக் கண்டு எழுதிவைத்தனர்.

எலியை இவ்வாறு சீராட்ட ஜப்பானியர்க்கு மனம் வந்தது ஏன்? அவர்கள் வணங்கும் செல்வக் கடவுளாகிய தைக்கொக்கு, நெல் மூட்டைகளின்மேல் நிற்பவர். எலி அவருடைய தூதன். இக்கடவுள் நம் மகாகாலரே பௌத்தத்தின் வழியாகக் கிழக்கே சென்று அடைந்த வடிவமாகும். நெல்லுக்கும் எலிக்கும் தெய்வத்துக்கும் இடையே உள்ள தொடர்பைக் குளக்கட்டுப் பிள்ளையாரிடத்தும் ஒசாக்கா வணிகர் வீட்டுத் தைக்கொக்குவிடத்தும் ஒருங்கே காணலாம். நெல் விளையும் நாட்டில் எலி இல்லாத களஞ்சியம், நெல்லும் இல்லாத களஞ்சியமாகவே இருக்கும் போலும்.

மேலைநாட்டிலே கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. அங்கே தொடக்கம் கொடுமையானது. 1835இல் இங்கிலாந்திலே காளைகளையும் கரடிகளையும் நாய்களால் கடிப்பிக்கும் விளையாட்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதன்பின் இலண்டன் மதுச்சாலைகளிலே குழி அமைத்து, அதனுள் நூறு இருநூறு எலிகளை விட்டு, ஒரு நாய் அவற்றை எத்தனை நிமிடத்திற் கொல்லும் என்று பந்தயம் கட்டும் வழக்கம் பெருகியது. அக்குழிகளுக்கு எலி பிடித்துக் கொடுப்போர் ஒரு தொழிற்கூட்டமாகவே இருந்தனர். அவர்களுள் ஒருவன் ஜாக் பிளாக். விக்ரோரியா மகாராணியின் எலி பிடிப்போன் என்று தன்னைக் கூறிக்கொண்டவன். இரும்பில் வார்த்த எலியுருவங்கள் பதித்த தோற்பட்டையைத் தோளின் குறுக்கே அணிந்து தெருவில் நின்று எலிப்பாஷாணம் விற்றவன். ஹென்றி மேஹ்யூ என்னும் பத்திரிகையாளர் இலண்டன் ஏழைத் தொழிலாளரைப் பற்றி எழுதி 1851இல் வெளியிட்ட பெருநூலிலே இவனுடைய வாழ்க்கை இடம்பெற்றிருக்கிறது.

பிளாக்கின் கையிலே நாள்தோறும் அகப்பட்ட எலிகளுட் சில வெள்ளையாகவும் சில புள்ளியுடையனவாகவும் இருந்தன. அவற்றைக் குழிக்கு அனுப்பாமல் ஒதுக்கிவைத்து இனம்பெருக்கினான். அவற்றை வாங்கி அணிற்கூட்டிலே வைத்து வளர்த்தோர் பலர் நற்குடிப் பெண்கள். கொல்வதையே தொழிலாகக் கொண்டவன் கையிலே எலி வளர்ப்புத் தோன்றியது. இதனைக் கருணை என்று சொல்லிவிடவும் முடியாது. விலை கிடைத்தது, வளர்த்தான். ஆயினும், ஆயிரக்கணக்கான எலிகளைக் கையாண்டவனுக்கு எந்த எலி கடிக்கும், எது கடியாது என்பது தெரிந்திருந்தது. கடியாததைப் பிரித்தெடுத்தல் என்னும் அச்செயலே வளர்ப்பெலியின் வரலாற்றில் முக்கியமானது. 

அதன் பின்னர் எலிக்குக் கௌரவம் வந்தது ஒரு பெண்மணியால். இங்கிலாந்திலே சுண்டெலி வளர்ப்போர் 1895இல் ஒரு தேசிய சங்கம் அமைத்திருந்தனர். மேரி டக்ளஸ் என்பவர், சுண்டெலிக்கு உள்ள இடத்தை எலிக்கும் தருதல் வேண்டும் என்று அச்சங்கத்தைக் கேட்டார். 1901 ஒக்டோபரில் எயில்ஸ்பரி நகரிலே நடந்த கண்காட்சியில் எலிகளுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. கருப்பும் வெள்ளையும் கலந்த அவருடைய எலியே பரிசைப் பெற்றது. 1912இல் சங்கத்தின் பெயரிலும் எலி சேர்க்கப்பட்டது. 1921இல் அவர் மறைந்தபின் ஆர்வம் தளர்ந்து, 1929இல் எலி மறுபடியும் அப்பெயரிலிருந்து நீக்கப்பட்டது. எலிக்கென்றே தனிச் சங்கம் ஒன்று பிரித்தானியாவில் அமைந்தது 1976இலேதான். ஒரு மனிதரின் விருப்பத்திலே தொங்கிநின்ற பொருள் அவரோடு விழுந்து, நெடுங்காலங் கழித்து எழுந்த கதை இது.

இடைக்காலத்திலே எலியைக் காத்தவை ஆய்வுகூடங்கள். அமெரிக்காவின் பிலதெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிலையத்துக்கு ஹென்றி டொனால்ட்சன் 1906இல் வந்து சேர்ந்து, வெள்ளை எலிகளை ஒழுங்காக வளர்த்து அளந்து பதிவுசெய்யும் பெரும்பணியைத் தொடங்கினார். ஹெலன் டீன் கிங் என்னும் அறிஞர் 1909 முதலாக அவற்றை உடன்பிறப்போடு உடன்பிறப்பாகச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணினார். இன்று உலகெங்கும் மருந்துகளைச் சோதிக்கப் பயன்படும் வெள்ளை எலிகளுட் பெரும்பாலானவை அங்கிருந்து கிளைத்தவை. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே வளர்க்கப்படும் எலிகளும் விஸ்டார் என்ற பெயரையே தாங்குகின்றன. 2012இல் குராமோட்டோ என்னும் ஜப்பானிய அறிஞரும் துணைவரும் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை எலி மரபுகளை ஆராய்ந்து ஓர் அரிய உண்மையைக் கண்டனர். அவை எல்லாவற்றிலும், தலையும் தோளும் மட்டும் நிறம் பெற்று உடல் வெளுக்கும் ‘முக்காட்டெலி’யின் குறி மறைந்து கிடக்கிறது. வெண்மை அக்குறியை மூடியிருக்கிறதேயன்றி அழிக்கவில்லை. யாரோ ஒருவர், எங்கோ, எப்போதோ, முக்காடிட்ட எலியொன்றை அழகுக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார். விஞ்ஞானியின் வெள்ளை எலியெல்லாம் அந்தச் செல்லப் பிராணியின் சந்ததி.

இங்கே ஒரு கேள்வி எழும். வன்னியிலே வயலெலியின் வளையைத் தோண்டும்போது கண் திறவாத குட்டிகள் அகப்படுவதுண்டு. அவற்றைப் பாலூட்டி வளர்த்தால் பழகாவோ? பிள்ளைகள் இதனைச் செய்ய விரும்புவது இயல்பு. விடை உருசியாவிலிருந்து வருகிறது. நரிகளைப் பழக்கும் ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற பெலியாயெவ் என்பவரின் நிலையம் நொவொசிபிர்ஸ்க் நகரில் இருக்கிறது. அங்கே 1972இல், காட்டுப் பழுப்பெலிகளைப் பிடித்து இரு பிரிவாக்கி வளர்க்கத் தொடங்கினர். கையுறை அணிந்த கையைக் கூட்டுக்குள் நீட்டி, அதனைப் பொறுத்துக்கொள்ளும் எலிகளை ஒரு பிரிவிலும், சீறிப் பாய்வனவற்றை மறு பிரிவிலும் இனஞ்சேர்த்தனர். பத்துக்கணக்கான தலைமுறைகள் சென்றபின் முதற் பிரிவு கையிலேறி விளையாடுகிறது; மற்றது கையைக் கண்டவுடன் கூச்சலிட்டுக் கடிக்கிறது. இரண்டும் ஒரே கூட்டத்தில் தோன்றி, ஒரே உணவுண்டு, ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. ஆகவே எலியின் சாந்தம் பாலூட்டுவதால் மட்டும் வருவதன்று. பல தலைமுறைத் தெரிவினால் வருவது. வளையில் எடுத்த குட்டியை எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், வளர்ந்தபின் அது பெரும்பாலும் கடித்துவிட்டு ஓடும் வயலெலியாகவே இருக்கும்.

கடியைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு, அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலே வெளிப்படும் கிருமி, நனைந்த மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு கீறலின் வழியாக மனிதர் உடலிற் புகுகிறது. இக்கிருமியைக் கண்டறிந்தோரும் ஜப்பானியரே. கியூஷூத் தீவிலே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய நோயை ஆராய்ந்த இனாடா, இடோ என்னும் இருவர் 1915இல் அதனைக் கண்டனர். எலியே அதனைச் சுமப்பது என்பதும் விரைவிலே தெளிவாயிற்று. எலிக்கு வளர்ப்பு நூல் எழுதிய நாடே அதன் நோயையும் உலகுக்கு உணர்த்திற்று. இலங்கையிலே 2008இல் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுக்கு உள்ளாயினர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலே அது உயிர்களைப் பறித்தது. வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பெறும் டொக்சிசைக்கிளின் குளிகையின் பயன் கமக்காரர்க்குத் தெரியும். காய்ச்சலோடு தசைநோவும் கண்சிவப்பும் கண்டால், சேற்றிலே நின்றதை வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். வயலெலிக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளை இந்நோயையும் சட்டைப்பையிற் கொண்டுவரக்கூடும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

வளர்ப்பெலியும் முற்றாகத் தூய்மையானதென்று கொள்ளலாகாது. 2017இல் அமெரிக்காவில், வீடுகளிலே எலி இனம்பெருக்கி விற்றோரின் வழியாகச் சியோல் வைரசு என்னும் தொற்று பல மாநிலங்களிற் பரவியது. எலியைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், அதனை முகத்தோடு சேர்த்துக் கொஞ்சாமை, சமையற்கட்டிலே கூடு வையாமை ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொள்ள முடியாதவர் எலி வளர்க்க முற்படாதிருத்தலே நன்று.

இனி, தெரிந்தெடுக்கும் முறை. கடைக்குச் செல்வோரின் கண் முதலில் நிறத்திலே விழும். பார்க்கவேண்டியது மூச்சு. வளர்ப்பெலிகளைப் பெரிதும் வருத்துவது நெஞ்சு நோய். அதன் கிருமி தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடுகிறது. எலியைக் காதருகே பிடித்துக் கேட்டால் கிறுகிறுப்பு ஒலியோ தும்மலோ இருத்தலாகாது. கண் தெளிந்து, உரோமம் படிந்து, நடை நேராக இருத்தல் வேண்டும். கண்ணைச் சுற்றிச் செந்நீர் கசிந்திருந்தால் அது இரத்தமன்று. எலி நலிந்திருக்கும்போது சுரக்கும் ஒருவகை நிறநீர். ஆயினும் அத்தகைய எலியை விட்டுவிடுதல் நல்லது. அடுத்தது குணம். கூட்டுக்குள் கையை வைத்தால், மூலையிலே விறைத்து நிற்பதையும் வேண்டாம், முதலிலே பாய்ந்து வருவதையும் உடனே எடுக்க வேண்டாம். தயங்கி, முகர்ந்து, பின் தானாகவே கையை அணுகும் எலி நல்ல எலி. நொவொசிபிர்ஸ்க் அறிஞர் கையுறையோடு செய்ததை வாங்குவோர் கழுவிய வெறுங்கையோடு செய்கிறார், அவ்வளவே வேறுபாடு. எலியை வாலிலே பிடித்துத் தூக்கிக் காட்டும் கடைக்காரரிடம் வாங்காதிருப்பது மேல். வாலின் தோல் உரிந்துவிடக்கூடும்; அவ்வாறு தூக்கப்பட்டுப் பழகிய எலி மனிதர் கையை நம்பாது.

ஒன்றை மட்டும் வாங்குதல் கூடாது. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதனை நோயாளியாக்கும். ஒரே பாலைச் சேர்ந்த இரண்டை வாங்குதல் முறை. ஆணும் பெண்ணுமாக வாங்கியவர் சில மாதங்களிலே எலி வணிகராகிவிடுவார். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஒரு பேற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் பிறப்பது வழக்கம். ஐந்து கிழமை நிறைந்த குட்டியே தானும் குட்டி ஈனும் தகுதியை அணுகிவிடுகிறது. வயலிலே எலியை வெல்ல முடியாமைக்கும் காரணம் இக்கணக்கே.

கூடு காற்றோட்டமுடையதாய், ஏறி விளையாட இடமுடையதாய் இருத்தல் வேண்டும். அடித்தளம் வெறுங் கம்பியாயின் பாதம் புண்படும். தச்சுப்பட்டறை மரத்தூளைப் பரப்புதல் எளிதாயினும் தகாது. மரத்தூளின் தூசும், சிலவகை ஊசியிலை மரங்களின் நெய்யும் நெஞ்சுக்குக் கேடு. கிழித்த காகிதமும் பழந்துணியும் போதும். கூட்டை நாட்கணக்காகக் கழுவாது விட்டால் சிறுநீரின் காரநெடி நெஞ்சு நோயை வளர்க்கும். உணவு பெரிதன்று: தானியம், அவித்த பயறு, கீரை, சிறிது முட்டை, எந்நேரமும் தூய நீர். கொழுப்பும் சீனியும் எலியை விரைவிலே கொல்லும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன; கடிப்பதற்கு மரத்துண்டு கொடுக்கத் தவறினால் வீட்டுக் கதவை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: எலியால் வாந்தியெடுக்க முடியாது. உண்ட நஞ்சை வெளியே தள்ள அதற்கு வழியில்லை. பாஷாணம் அதனைக் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வயலெலிக்கு மருந்து வைக்கும் வீட்டில் வளர்ப்பெலி வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது.

இவை எந்நாட்டுக்கும் பொருந்துவன. வன்னிக்கென்று தனியாகக் கவனிக்கவேண்டியது வெயில். எலிக்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாலின் இரத்தக்குழாய்களை விரித்தே பெரும்பாலும் சூட்டை வெளிவிடுகிறது. சித்திரை வைகாசியின் நடுப்பகலிலே தகரக் கூரையின் கீழ் வைத்த கூடு, சில மணி நேரத்திலே எலியின் உயிரை வாங்கிவிடும். கிடுகு வேய்ந்த நிழலும், ஈரச்சாக்கு போர்த்திய ஒரு மூலையும், நீரும் இருப்பின் தாங்கும். இங்கிலாந்து நூல்கள் குளிரிலிருந்து எலியைக் காப்பதைக் கூறும்; இங்கே அறிவுரை தலைகீழ்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த எலி இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டே வாழும். பெண்ணெலிகளுக்கு மார்பிலே கட்டிகள் தோன்றுவதும் மிகுதி. பிள்ளைக்கு எலி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதனையும் முன்னரே சொல்லிக் கொடுத்தல் நேர்மை.

ஈடாக எலி தருவது என்ன? 1990களின் பிற்பகுதியில் யாக் பாங்செப் என்னும் அறிஞர், எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் அது 50 கிலோஹேட்ஸ் அளவிலே ஒலி எழுப்புவதைக் கண்டார். மனிதக் காது ஏறக்குறைய 20க்கு மேற் கேளாதாகையால் அவ்வொலியைக் கருவியினாலேயே கேட்க முடிந்தது. விளையாடும்போது மகிழ்ந்தெழுப்பும் ஒலி அது. கிச்சுமூட்டிய கையை எலி தேடித் தேடி வந்தது. 2011இல் சிக்காகோ ஆய்வாளர் கண்டது இன்னும் வியப்பானது: அடைபட்ட தோழனைக் கண்ட எலி, யாரும் கற்பிக்காமலே கதவைத் திறந்து விடுவித்தது, அருகில் சொக்கலேற் இருந்தபோதும் விடுவித்துப் பெரும்பாலும் பகிர்ந்துண்டது. 2019இல் பேர்லினிலே எலிகள் மனிதரோடு ஒளித்துப் பிடித்து விளையாடக் கற்றன. நல்லுருத்திரன் கண்ட எலி சேமிப்பதும் உண்மை. இவ்வெலி பகிர்வதும் உண்மை.

எலி வளர்ப்பு பெரும் பயனாய் விளைந்த இடம் ஒன்றுண்டு. அது ஓமந்தையாருக்கு நெருங்கிய விடயம். 1997இல் வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது முதலிலே போர்முனையான ஊர்களுள் ஓமந்தை ஒன்று. 2002 போர்நிறுத்தத்தின்பின் அதே ஊர் சோதனைச் சாவடியாய் நின்றது. 2009இல் வன்னி மக்கள் இழந்தவை போக எஞ்சியவற்றோடு அவ்வழியே வந்தனர். போர் ஓய்ந்தபின் வயலுக்குத் திரும்புவோரைத் தடுத்தது எலியன்று, காட்டுக்கரையிலும் வரம்பிலும் புதைந்து கிடந்த கண்ணிவெடி. உலோகங்காட்டும் கருவியோடும் இரும்பு வாரியோடும் முழந்தாளிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக விலக்கி அவற்றை எடுத்தோரிற் பலர் வன்னிப் பெண்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரோ கீரியைப் பழக்கிக் கண்ணிவெடி தேடும் முறையை ஆராய்ந்தனர். எலிக்குப் பகைவனான கீரி இங்கே முன்வந்தது. பிறநாட்டிலோ எலியே முன்வந்தது.

பார்ட் வேட்யென்ஸ் என்பவர் பெல்ஜியத்திலே பிறந்தவர். சிறுவயதில் வீட்டிலே எலிகளையும் அவற்றை ஒத்த சிறு பிராணிகளையும் வளர்த்து இனம்பெருக்கியவர். வளர்ந்து பொருள் வடிவமைப்புக் கற்றபின், ஆபிரிக்க நாட்டு வயல்களிலே கண்ணிவெடியால் மக்கள் மடிவதைக் கேட்டு, விலைமிகுந்த கருவியின்றி அதனைக் கண்டறியும் வழி யாதென எண்ணினார். சிறுவயதிலே தாம் வளர்த்தவற்றின் மோப்ப ஆற்றல் அவர் நினைவுக்கு வந்தது. 1997இல் ‘அப்போப்போ’ என்னும் அமைப்பு தோன்றிற்று. தன்சானியாவின் மொரொகோரோவிலுள்ள சொக்கோயின் பல்கலைக்கழகம் அதற்கு இடமாயிற்று. அவர் தெரிந்தெடுத்தது ஆபிரிக்காவின் பைக்கன்ன எலி. வளர்ப்பெலியோடு இனத்தால் வேறுபட்டது, அதைவிட மிகப் பெரியது, எட்டாண்டுவரை வாழக்கூடியது. வெடியை அழுத்தி வெடிக்கச்செய்யும் பாரம் அதற்கில்லை. குட்டி கண் திறந்த சில கிழமைகளுக்குள்ளேயே பயிற்றுவோர் அதனைக் கையிலும் தோளிலும் தூக்கித் திரிந்து மனிதரைப் பழக்குகின்றனர். ஒரு ‘கிளிக்’ ஒலி கேட்டால் வாழைப்பழம் கிடைக்கும் என்று கற்பிக்கின்றனர். வெடிமருந்தின் வாசனையை முகர்ந்து மண்ணைச் சுரண்டிக்காட்டும் எலி, கருவியோடு ஒருவர் நான்கு நாள் தேடக்கூடிய இடத்தை அரைமணியில் முடிக்கிறது. இரும்புத்துண்டும் ஆணியும் அதனை ஏமாற்றுவதில்லை. வெயிலுக்கு ஆற்றாததாகையால் விடியற்காலையிலே வேலை. காதிலும் வாலிலும் வெயிற்காப்புக் களிம்பு பூசப்படும். மொசாம்பிக் நாட்டிலே இவ்வெலிகள் பல ஆண்டு உழைத்தன. அந்நாடு 2015இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது.

தன்சானியாவிற் பிறந்த மகாவா என்னும் எலி 2016இல் கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டது. அது நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிபொருள்களையும் கண்டுகாட்டியது. 2020 செப்டெம்பரில் பிரித்தானிய விலங்குநல நிறுவனம் ஒன்று, விலங்குகளின் வீரத்துக்கென வழங்கும் தங்கப் பதக்கத்தை அதற்கு அணிவித்தது. எலியொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 2021 யூனில், நடை தளர்ந்ததனால் அதற்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. வாழைப்பழமும் கச்சானும் அதற்குப் பிடித்த உணவு. 2022 சனவரியிலே, ஒரு வார இறுதியில் வழக்கத்தைவிட மிகுதியாக உறங்கி, உணவிலே நாட்டங் குறைந்து, அமைதியாக இறந்தது. அப்போது அதற்கு வயது எட்டு. அது முகர்ந்து சென்ற நிலங்களிலே கம்போடியக் கமக்காரர் மறுபடியும் பயிரிடத் தொடங்கியிருந்தனர்.